ஆவடி காங்கிரசு மாநாடு, 1955

ஆவடி காங்கிரசு மாநாடு என்பது 1955 ஆம் ஆண்டு சனவரி மாதம் சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடியில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரசின் 60 ஆவது மாநாடு ஆகும். இதற்கு யு. என். தேபர் தலைமை தாங்கினார். இந்தியாவின் பொருளாதாரத் திட்டமிடல் "சோசலிச பாணி சமுதாயம்" ஒன்றை அமைக்கும் நோக்குடன் நடைபெற வேண்டும் என்ற தீர்மானம் இம்மாநாட்டில் நிறைவேற்றப்பட்டது. அத்தீர்மானம் பொதுவாக "ஆவடித் தீர்மானம்" என்று அழைக்கப்படுகிறது. 1956 ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைக்கும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திற்கும் இது அரசியல் அடிப்படையாக அமைந்தது. 1991 ஆம் ஆண்டு வரை இந்தியா பின்பற்றிய பொருளாதாரப் பாதையின் தொடக்கமாக இம்மாநாட்டைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. எனினும், அப்பாதையின் பல கூறுகள் ஆவடிக்கு முன்பே உருவாகிவிட்டவை ஆகும்.

பின்னணி

காங்கிரசின் பொருளாதாரச் சிந்தனையில் அரசுடைமை என்ற கருத்து ஆவடியில் புதிதாகத் தோன்றியது அன்று. 1931 ஆம் ஆண்டு கராச்சி மாநாட்டிலேயே, முதன்மைத் தொழில்களும் கனிம வளங்களும் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டிருந்தது. 1934 இல் காங்கிரசுக்குள்ளேயே காங்கிரசு சோசலிசக் கட்சி தோன்றியது. 1938 இல் சுபாசு சந்திர போசு காங்கிரசுத் தலைவராக இருந்தபோது, ஜவகர்லால் நேருவைத் தலைவராகக் கொண்ட தேசியத் திட்டக் குழு அமைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் வெளியான 1948 ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை, படைக்கலங்கள், அணு ஆற்றல், தொடருந்துப் போக்குவரத்து ஆகியவற்றை நடுவண் அரசின் தனியுரிமை ஆக்கியது. 1950 இல் திட்டக் குழு நிறுவப்பட்டது. தொழில் தொடங்க அரசின் உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் வழியாக வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் (1951–56) வேளாண்மைக்கும் பாசனத்திற்கும் முதன்மை அளித்தது. அடுத்த திட்டம் எத்திசையில் செல்ல வேண்டும் என்ற வினா 1954 இல் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சீனா சென்று திரும்பிய நேரு, நாட்டின் இலக்கு சோசலிச வகைப்பட்ட சமுதாயமே என்று பேசலானார். 1954 டிசம்பரில் நாடாளுமன்ற மக்களவையும் இதனைப் பொருளாதாரக் கொள்கையின் குறிக்கோளாக ஏற்றது. எனவே ஆவடியில் கூடுவதற்கு முன்பே கருத்து உருப்பெற்றிருந்தது. ஆட்சியில் இருந்த கட்சியின் முறையான கொள்கையாக அது ஆனது ஆவடியில்தான்.

தென்னக அரசியல் சூழல்

மாநாடு சென்னை மாநிலத்தில் நடைபெற்ற காலச்சூழல் கவனிக்கத்தக்கது. 1952 பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களைப் பெற்றது. தனிப்பெரும்பான்மை இல்லாத நிலையில் இராசகோபாலாச்சாரி (இராசாசி) முதலமைச்சர் ஆனார். அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குலக்கல்வித் திட்டம் எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டது. அவர் பதவி விலகியதைத் தொடர்ந்து 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஆவடி மாநாடு நடைபெற்றபோது அவர் பதவியேற்று ஓராண்டு கூட நிறைவடையவில்லை.

1953 அக்டோபரில் பிரிந்து சென்ற ஆந்திர மாநிலத்தில் 1955 பிப்ரவரியில் தேர்தல் நடைபெற இருந்தது. அங்கு பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் பிடிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நிலவியது. தேர்தலில் காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும் 196 இடங்களில் 146 இடங்களை வென்றன. பொதுவுடைமைக் கட்சிக்கு 15 இடங்களே கிடைத்தன. இடதுசாரிகளின் முதன்மை முழக்கத்தைக் காங்கிரசு தனதாக்கிக் கொண்டது இவ்வெற்றிக்கு ஒரு காரணம் என்று கூறப்படுவதுண்டு.

மாநாடு நடைபெற்ற இடம்

ஆவடி, சென்னை–அரக்கோணம் தொடருந்துப் பாதையில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ தொலைவில் உள்ளது. தென்னிந்தியாவின் முதல் தொடருந்து 1856 ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை சென்றது இப்பாதையிலேயே ஆகும். 1955 இல் ஆவடி, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. ஏரிகளும் வயல்களும் நிறைந்த இப்பகுதியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைத்தளம் அமைக்கப்பட்டிருந்தது.

மாநாட்டுத் திடலுக்கு, விடுதலைப் போராட்டத் தலைவரும் காமராசரின் அரசியல் வழிகாட்டியுமான தீரர் சத்தியமூர்த்தியின் நினைவாகச் "சத்தியமூர்த்தி நகர்" என்று பெயரிடப்பட்டது.

சென்னையில் இதற்கு முன் 1887, 1894, 1898, 1903, 1908, 1914, 1927 ஆகிய ஆண்டுகளில் காங்கிரசு மாநாடுகள் நடைபெற்றுள்ளன. இவற்றுள் எம். ஏ. அன்சாரி தலைமையில் நடைபெற்ற 1927 மாநாடு, முழு விடுதலையே இந்திய மக்களின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. ஆவடி மாநாடு, விடுதலைக்குப் பின் சென்னைப் பகுதியில் நடைபெற்ற முதல் காங்கிரசு மாநாடு ஆகும்.

மாநாட்டுத் தலைவர் யு. என். தேபர் 1948 முதல் 1954 வரை சௌராட்டிர மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1951 முதல் பிரதமர் பதவியுடன் கட்சித் தலைமையையும் சேர்த்து வகித்து வந்த நேருவிடமிருந்து அவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1959 வரை அவரே காங்கிரசுத் தலைவராக இருந்தார்.

தீர்மானத்தின் உள்ளடக்கம்

காங்கிரசின் அமைப்பு விதிகளில் கூறப்பட்ட குறிக்கோளையும், இந்திய அரசியலமைப்பின் முகவுரை மற்றும் அரசு நெறிமுறைக் கோட்பாடுகளின் நோக்கங்களையும் நிறைவேற்றும் பொருட்டு, திட்டமிடல் சோசலிச பாணி சமுதாயத்தை நோக்கி அமைய வேண்டும் என்பது ஆவடித் தீர்மானத்தின் சாரம் ஆகும். அத்தகைய சமுதாயத்திற்கு மூன்று இயல்புகள் கூறப்பட்டன.

1. உற்பத்திக்கான முதன்மைக் கருவிகள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருத்தல்
2. உற்பத்தி படிப்படியாக விரைவுபடுத்தப்படுதல்
3. நாட்டின் செல்வம் நேர்மையான முறையில் பங்கிடப்படுதல்

முதல் இயல்பில் "உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ" என்று அமைந்திருப்பது முக்கியமானது. எல்லாத் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கவேண்டும் என்று தீர்மானம் கூறவில்லை. தனியார் தொழில்கள் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டுத் தொடரலாம் என்பதற்கு இச்சொற்கள் இடமளித்தன. பிற்காலத்தில் "கலப்புப் பொருளாதாரம்" என்று பாடநூல்களில் விளக்கப்பட்ட அமைப்பு இதுவே ஆகும்.

சொல்லாட்சி

தீர்மானத்தின் ஆங்கில மூலம் "சோசலிசம்" என்ற சொல்லை நேரடியாகப் பயன்படுத்தாமல், "சோசலிசத் தன்மை கொண்ட" என்று பொருள்படும் சொல்லையே பயன்படுத்தியது. எந்தவொரு கோட்பாட்டு நூலையும் முழுமையாகப் பின்பற்றாமல் இந்தியச் சூழலுக்கு ஏற்ப நடந்துகொள்ள இந்த நெகிழ்வு உதவும் என்று ஆதரவாளர்கள் கருதினர். பொருள் தெளிவின்மையே இச்சொல்லின் குறை என்று எதிர்ப்பாளர்கள் கூறினர்.

தமிழில் "சமதர்மம்" என்ற சொல் இதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே வழக்கில் இருந்தது. ம. சிங்காரவேலர், பெரியார் ஈ. வெ. இராமசாமி ஆகியோர் 1930களின் தொடக்கத்தில் சமதர்மக் கருத்துகளைப் பரப்பினர். 1932 இறுதியில் ஈரோட்டில் சமதர்மத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. எனவே ஆவடியில் பேசப்பட்ட கருத்து தமிழக வாசகர்களுக்கு முற்றிலும் புதியதன்று.

பின்விளைவுகள்

மாநாட்டைத் தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் நடுவண் அரசு பல முக்கிய முடிவுகளை எடுத்தது.

1955 ஏப்ரலில் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் நிறைவேறியது. அரசு தனியார் சொத்தைக் கையகப்படுத்தும்போது அளிக்கும் இழப்பீடு போதுமானதா என்பதை நீதிமன்றத்தில் வினவ இயலாதவாறு இது அமைந்தது.

1955 சூலை 1 அன்று இம்பீரியல் வங்கி, பாரத மாநில வங்கி ஆனது. இம்முடிவு மாநாட்டிற்கு முன்பே, 1954 டிசம்பரில், அறிவிக்கப்பட்டிருந்தது.

1956 சனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழில் அவசரச் சட்டத்தின் மூலம் அரசின் மேலாண்மைக்குக் கொண்டுவரப்பட்டது. மொத்தம் 245 நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் ஒருங்கிணைக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. இம்மாற்றத்தின் அடையாளம் ஒன்றைச் சென்னை அண்ணா சாலையில் இன்றும் காணலாம். அங்குள்ள எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கியது யுனைட்டெட் இந்தியா என்ற தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆகும். கட்டி முடிப்பதற்குள் நிறுவனம் நாட்டுடைமை ஆகிவிட்டதால், 1959 இல் அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டடமாகத் திறக்கப்பட்டது.

1956 ஏப்ரல் 30 அன்று புதிய தொழிற்கொள்கை வெளியிடப்பட்டது. இது தொழில்களை மூன்று பிரிவுகளாக வகுத்தது. முதல் பட்டியலில் இருந்த 17 தொழில்களின் எதிர்கால வளர்ச்சி அரசின் பொறுப்பு ஆனது. இரும்பு எஃகு, கனரக இயந்திரங்கள், நிலக்கரி, கனிம எண்ணெய், வானூர்தி போன்றவை இதில் அடங்கும். இரண்டாம் பட்டியலில் இருந்த 12 தொழில்களில் அரசு படிப்படியாகப் பங்கேற்கும் எனவும், தனியாரும் ஈடுபடலாம் எனவும் கூறப்பட்டது. எஞ்சியவை பெரும்பாலும் தனியாருக்கு விடப்பட்டன.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956 ஏப்ரலில் தொடங்கியது. புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிசு 1955 மார்ச்சில் அளித்த வரைவுச் சட்டகத்தின் அடிப்படையில் அமைந்த இத்திட்டம், கனரகத் தொழில்களுக்கு முதன்மை அளித்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் எஃகு ஆலைகள் இக்காலத்தில் உருவானவை.

கட்சியளவிலும் மாற்றம் தொடர்ந்தது. 1957 சனவரியில் இந்தூரில், "சோசலிசக் கூட்டுறவுப் பொதுநல அமைப்பு" ஒன்றை அமைதியான, சட்டப்பூர்வமான வழியில் நிறுவுதல் என்று காங்கிரசின் குறிக்கோள் மாற்றி எழுதப்பட்டது.

தமிழகத்தில் தாக்கம்

காமராசர் ஆட்சிக்காலத்தில் (1954–63) மேற்கொள்ளப்பட்ட பல நடவடிக்கைகள் ஆவடித் தீர்மானத்தின் பின்புலத்தில் நோக்கப்படுகின்றன. குத்தகை உழவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1955 இலும், நியாயமான குத்தகையை வரையறுக்கும் சட்டம் 1956 இலும் இயற்றப்பட்டன. 1956 இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனமாக அமைக்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்ற வரம்பை விதித்தது. இவ்வரம்பு 1970 இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

சிறுதொழில் முனைவோருக்கு நிலமும் கட்டடமும் மின்சாரமும் ஓரிடத்தில் கிடைக்கச் செய்யும் தொழிற்பேட்டைகள் இக்காலத்தின் மற்றொரு சிறப்புக் கூறு ஆகும். கிண்டித் தொழிற்பேட்டை 1958 இல் தொடங்கப்பட்டது. 1957 முதல் 1967 வரை மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன் இம்முயற்சிகளில் முதன்மைப் பங்கு வகித்தார்.

ஆவடியும் அம்பத்தூரும்

மாநாடு நடைபெற்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் அடுத்த பத்தாண்டுகளில் பெரும் மாற்றம் அடைந்தன. 1961 இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இங்குதான் இந்தியாவில் உருவான முதல் முதன்மைப் போர்க் கவச ஊர்தியான விசயந்தா, பிரித்தானிய நிறுவனமான விக்கர்சின் வடிவமைப்பில், 1965 இல் வெளிவந்தது. பின்னர் அசேயா, பீசுமா, அருச்சுன் ஆகிய கவச ஊர்திகளும் இங்கு உருவாக்கப்பட்டன. படை உடைத் தொழிற்சாலை, இயந்திரத் தொழிற்சாலை, போர் ஊர்திகள் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஆகியவையும் ஆவடியில் அமைந்தன. அண்டை ஊரான அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது.

இவை அனைத்தையும் ஆவடித் தீர்மானத்தின் நேரடி விளைவாகக் கொள்வது பிழையாகும். படைக்கல உற்பத்தி 1948 ஆம் ஆண்டிலிருந்தே நடுவண் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலைக்கான ஒப்பந்தமும் மாநாட்டிற்குப் பல ஆண்டுகள் முந்தியது. மேலும், இப்பகுதியின் வளர்ச்சியில் தனியார் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. 1949 இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் இயங்கியது. பேட்டைகளில் இடம்பெற்ற சிறு பட்டறைகளும் தனியாருடையவையே. அரசுத் தொழிற்சாலை, பெரிய தனியார் ஆலை, அரசு அமைத்த பேட்டையில் தனியார் சிறுதொழில் ஆகிய மூன்றும் சில கி.மீ தொலைவுக்குள் அமைந்த இப்பகுதி, தீர்மானம் இடமளித்த கலப்புப் பொருளாதாரத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

ஆவடி என்ற பெயர், கவச ஊர்திகளையும் அவற்றின் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவானது என்ற கருத்து பரவலாக உள்ளது. 1961 இல் வந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையே பெயருக்குக் காரணம் என்றும் விளக்கம் தரப்படுவதுண்டு. 1955 மாநாடே ஆவடியின் பெயரால் அழைக்கப்பட்டதால், தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்கு இப்பெயர் இருந்தது தெளிவாகும்.

விமர்சனங்கள்

ஆவடித் தீர்மானம் வலதுசாரி, இடதுசாரி ஆகிய இரு தரப்பினராலும் விமர்சிக்கப்பட்டது.

அரசின் கட்டுப்பாடுகள் பெருகினால் ஊழலும் செயலின்மையும் வளரும் என்று இராசாசி எச்சரித்தார். அனுமதிச் சீட்டுகளையும் உரிமங்களையும் கொண்டு நடக்கும் ஆட்சியை அவர் தொடர்ந்து சாடினார். 1959 இல் நாக்பூர் காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றபின், அவ்வாண்டு சூன் மாதத்தில் சுதந்திராக் கட்சி தொடங்கப்படுவது சென்னையில் அறிவிக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் பி. ஆர். செனாய், இரண்டாவது திட்டத்திற்காக அமைக்கப்பட்ட அறிஞர் குழுவில் 1955 இல் தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார். வருவாய்க்கு மிஞ்சிய பற்றாக்குறைச் செலவு விலைவாசியை உயர்த்தும் என்று அவர் அதில் எச்சரித்தார்.

இடதுசாரிகள், பெருமுதலாளிகளின் சொத்தைத் தொடாமல் சோசலிசம் பேசுவது வெறும் முழக்கமே என்றனர். பிரசா சோசலிசக் கட்சிக்குள் இத்தீர்மானம் பிளவை ஆழப்படுத்தியது. காங்கிரசுடன் ஒத்துழைக்கலாம் என்று அசோக் மேத்தா போன்றோர் கருதினர். இதனை எதிர்த்த மது லிமாயி 1955 இல் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் இராம் மனோகர் லோகியா தலைமையில் தனிச் சோசலிசக் கட்சி உருவாயிற்று.

தீர்மானத்தின் மூன்றாம் இயல்பான நேர்மையான பங்கீடு எந்த அளவு நிறைவேறியது என்ற வினாவை அரசே எழுப்பியது. திட்டங்களால் உயர்ந்த வருவாய் யாரைச் சென்றடைந்தது என்பதை ஆராய, மகலனோபிசு தலைமையில் 1960 இல் குழு அமைக்கப்பட்டது. திட்டமிடல் நடைமுறையே பெரிய நிறுவனங்களின் வளர்ச்சிக்கு உதவியுள்ளது என்று அக்குழு 1964 இல் கூறியது. உரிமம் பெறுவதிலும் கடன் பெறுவதிலும் பெரிய நிறுவனங்களுக்கு இருந்த வாய்ப்பு சிறியவற்றுக்கு இல்லை. தனியார் ஆதிக்கத்தைக் குறைக்க வகுக்கப்பட்ட முறை அதனைப் பெருக்கவும் செய்தது என்ற இம்முரண், 1969 ஆம் ஆண்டின் முற்றுரிமைகள் மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டத்திற்கு வழிவகுத்தது.

பிற்கால வரலாறு

1964 சனவரியில் காமராசர் தலைமையில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரசு மாநாடு, மக்களாட்சி வழியிலான சோசலிசத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. ஆவடியில் இருந்த சொல் தயக்கம் இங்கு நீங்கியது. 1969 சூலையில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1976 ஆம் ஆண்டு நிறைவேறிய 42 ஆவது திருத்தம், அரசியலமைப்பின் முகவுரையில் "சோசலிச" என்ற சொல்லைச் சேர்த்தது.

1991 சூலை 24 அன்று அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை பெரும்பாலான தொழில்களுக்கு உரிம முறையை நீக்கியது. அரசுக்கென ஒதுக்கப்பட்ட தொழில்களின் எண்ணிக்கையும் 17 இலிருந்து எட்டாகக் குறைந்தது. திட்டக் குழுவிற்கு மாற்றாக 2015 சனவரி 1 அன்று நிதி ஆயோக் அமைக்கப்பட்டது.

ஆவடியிலும் இம்மாற்றம் எதிரொலித்தது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கனரக ஊர்தித் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்திகள் நிறுவனத்தின் கீழ் வந்தது. அரசுத் துறையாக இயங்கிய தொழிற்சாலை நிறுவன வடிவம் பெற்றதே தவிர, உடைமை அரசிடமே உள்ளது. ஆவடி நகராட்சி 2019 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

முகவுரையில் உள்ள "சோசலிச" என்ற சொல்லை நீக்கக் கோரிய வழக்குகளை 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இச்சொல் குறிப்பிட்ட ஒரு பொருளாதாரக் கொள்கையைக் கட்டாயமாக்கவில்லை எனவும், மக்கள்நல அரசு, வாய்ப்பில் சமத்துவம் ஆகியவற்றையே குறிக்கிறது எனவும் நீதிமன்றம் விளக்கியது. தனியார் தொழில்முனைவுக்கு அது தடையன்று எனவும் கூறப்பட்டது. ஆவடித் தீர்மானத்தின் மூன்று இயல்புகளுள் உடைமை பற்றிய முதலாவது பெரும்பாலும் கைவிடப்பட்ட நிலையில், பங்கீடு பற்றிய மூன்றாவதே அச்சொல்லின் பொருளாக எஞ்சியுள்ளது எனலாம்.

இவற்றையும் பார்க்க

ஆவடி
அம்பத்தூர் தொழிற்பேட்டை
காமராசர்
யு. என். தேபர்
இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்கள்
சுதந்திராக் கட்சி
ம. சிங்காரவேலர்